பக்தி இலக்கியங்கள் காட்டும் பெண்மை – ஒரு நோக்கு

கண்டி மாநகரில் ஆண்டுதோறும் நடைபெறும் எசல பெரஹராவில் தலதா மாளிகை ஊர்வலத்தைத் தொடர்ந்து நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி ஆகிய நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்களும் செல்வதைப் பேராதனை வட்டாரத்து மக்கள் நன்கறிவர். அந்த நான்கினுள் இறுதியாக வருவது பத்தினி தேவாலய ஊர்வலம். சிங்கள மக்கள் பத்தினித் தெய்வமாக வணங்கும் அன்னை, சிலப்பதிகாரம் பாடிய கண்ணகியே ஆவாள். சேரன் செங்குட்டுவன் எடுத்த விழாவிலே இலங்கைக் கயவாகு மன்னனும் கலந்துகொண்டான் என்று அந்நூல் கூறுகின்றது. கணவனை இழந்து, அரசவையிலே நீதி கேட்டு வாதாடிய ஒரு வணிகர் குலப் பெண், இரண்டு இனத்து மக்களுக்கும் தெய்வமாயினாள். தமிழ்க் கவிதை பெண்ணை எவ்வாறு கண்டது என்ற கேள்வி ஏட்டோடு நின்றுவிடும் கேள்வியன்று, நாம் கும்பிடும் தெய்வத்தோடு தொடர்புடைய கேள்வி என்பதற்கு இஃதொன்றே சான்றாகும்.

சிலப்பதிகாரத்துக்குப் பின்வந்த பல்லவர் காலமும் சோழர் காலமும் நாயக்கர் காலமும் தமிழில் பக்தி இலக்கியம் செழித்த காலங்கள். பேராதனையில் இயங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த பேராசிரியர் வி. செல்வநாயகம் 1951ஆம் ஆண்டு வெளியிட்ட 'தமிழ் இலக்கிய வரலாறு' என்னும் நூலில் இவ்வாறே காலங்களை வகுத்துக் காட்டினார். பேராசிரியர் ஆ. வேலுப்பிள்ளை 1969இல் எழுதிய 'தமிழ் இலக்கியத்தில் காலமும் கருத்தும்' என்ற நூல், ஒவ்வொரு காலத்து இலக்கியத்திலும் அக்காலத்துச் சமுதாயத்தின் கருத்து எவ்வாறு படிந்துள்ளது என்பதை ஆராய்ந்தது. அந்த நெறியில் நின்று, ஆலயங்களில் அன்றாடம் ஓதப்படும் பாடல்களும் படிக்கப்படும் புராணங்களும் பெண்ணைப் பற்றி என்ன கூறுகின்றன என்பதை அடியார்கள் சிறிது சிந்திப்பது பயனுடையதாகும்.

உலா நூல்கள் கண்ட பெண்

சோழர் காலத்தில் பெருவழக்குப் பெற்ற சிற்றிலக்கிய வகைகளுள் உலாவும் ஒன்று. இறைவனோ அரசனோ வீதியில் பவனி வரும்போது அவனைக் கண்ட பெண்கள் காதல் கொண்டு மயங்குவதைப் பாடுவது இதன் இலக்கணம். சேரமான் பெருமாள் நாயனார் பாடிய திருக்கயிலாய ஞான உலா இவ்வகையில் முதலாவது என்பதால் ஆதியுலா எனப்படும். அது 11ஆம் திருமுறையில் உள்ளது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் சோழ மன்னர் மூவர் மீது மூவருலா பாடினார்.

உலாவில் வரும் பெண்கள் ஏழு பருவத்தினர். பேதைக்கு 5 முதல் 7 வயது, பெதும்பைக்கு 8 முதல் 11, மங்கைக்கு 12, 13, மடந்தைக்கு 14 முதல் 19, அரிவைக்கு 20 முதல் 25, தெரிவைக்கு 26 முதல் 31, பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40 என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. இந்தக் கணக்கு 40 வயதோடு முடிந்துவிடுகின்றது. அதன் பின்பு பெண்ணுக்கு உலாவில் இடமில்லை. பேரன் பேத்தி கண்ட பாட்டியை எந்த உலாவும் பாடுவதில்லை. காண்பவன் கண்ணுக்கு அழகாக இருக்கும் காலத்தையே பெண்ணின் காலமாகக் கொண்ட மரபு அது. உலாக்கள் சொல்லழகு மிக்கவை என்பதில் ஐயமில்லை. எனினும் அங்கே பெண் வீதியோரத்தில் நின்று மயங்குபவளே அன்றி, தானாக ஒன்றைச் செய்பவள் அல்லள்.

பேயுருவம் வேண்டிய அம்மையார்

இந்த மரபை அறிந்த பின்பு காரைக்காலம்மையார் வரலாற்றைப் படித்தால் அதன் ஆழம் விளங்கும். அம்மையார் காலம் 6ஆம் நூற்றாண்டளவு என்பர். தேவார முதலிகளுக்கு முற்பட்டவர். புனிதவதி என்பது இயற்பெயர். காரைக்கால் வணிகர் தனதத்தனின் மகளாகப் பிறந்து, நாகபட்டினத்துப் பரமதத்தனை மணந்தார். கணவன் கடையிலிருந்து அனுப்பிய இரண்டு மாம்பழங்களுள் ஒன்றைப் பசியோடு வந்த சிவனடியாருக்குப் படைத்தார். மற்றதை உண்ட கணவன் அடுத்ததையும் கேட்டான். அம்மையார் இறைவனை வேண்டிப் பெற்ற கனியைக் கொடுத்தார். சுவை வேறுபட்டதால் கணவன் காரணம் கேட்க, நடந்ததை மறைக்காமல் கூறினார். நம்பாத அவன் இன்னொரு பழம் வருவித்துக் காட்டும்படி கேட்டான். அதுவும் வந்தது, அவன் கையில் வாங்கியதும் மறைந்தது.

பரமதத்தன் அஞ்சினான். கடல் வாணிகத்துக்கென்று கப்பலேறிச் சென்றவன் திரும்பாமல் பாண்டிநாட்டிலே வேறொரு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்று பெயரிட்டான். உறவினர் அம்மையாரை அங்கே அழைத்துச் சென்றபோது, மனைவியும் மகளுமாக வந்து அம்மையார் காலில் விழுந்தான். இவர் மானிடப் பெண்ணல்லர், தெய்வம் என்றான். வணங்கினானேயன்றி மனைவியாக ஏற்கவில்லை. கைவிடப்பட்ட பெண்ணுக்கு அந்த வணக்கத்தால் பயனென்ன? அம்மையார் அழவுமில்லை, வழக்குரைக்கவுமில்லை. கணவனுக்காகத் தாங்கிய அழகுடம்பு இனி வேண்டாம் என்று இறைவனிடம் கூறி, பேயுருவத்தைக் கேட்டுப் பெற்றார். உலா நூல்கள் எதைப் பெண்மை என்று எண்ணிக் கணக்கிட்டனவோ, அதையே அவர் உதறிவிட்டார்.

திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டும், திருவிரட்டை மணிமாலையும், 101 வெண்பாக்கள் கொண்ட அற்புதத் திருவந்தாதியும் அம்மையார் அருளியவை. பதிகங்களில் சுடுகாட்டுப் பெண்பேயின் வற்றிய உடலையும் குழிந்த கண்களையும் புடைத்த நரம்புகளையும் கூசாமல் பாடுகின்றார். அந்தக் காட்டில்தான் இறைவன் ஆடுகின்றான். ஆகவே அதுவே அவருக்குத் திருவிடம். கயிலை மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து சென்ற அவரைச் சிவபெருமான் அம்மையே என்று அழைத்தார் என்பது சேக்கிழார் வாக்கு. தந்தையும் தாயும் இல்லாத இறைவனுக்கு ஒரு பெண் தாயானார். அம்மையார் தலையால் நடந்த திருவாலங்காட்டைத் தம் காலால் மிதிக்கத் திருஞானசம்பந்தர் தயங்கினார் என்றும் பெரியபுராணம் கூறுகின்றது. சிவாலயங்களில் நாயன்மார் வரிசையில் ஏனையோர் நின்றிருக்க அம்மையார் மட்டும் அமர்ந்திருப்பதை அடியார்கள் கண்டிருப்பார்கள்.

இலங்கைக்கும் அம்மையாருக்கும் தொடர்புண்டு. பொலன்னறுவைச் சிவாலயங்களின் அகழ்வில் கிடைத்த வெண்கலத் திருவுருவங்களுள், கையில் தாளத்துடன் அமர்ந்திருக்கும் காரைக்காலம்மையார் திருவுருவமும் ஒன்றாகும். மெலிந்த உடல், தொங்கிய மார்பு, ஆனால் முகத்திலே பேரமைதி. அம்மையாரின் வழிபாடு முன்னரே இந்த நாட்டில் வேரூன்றியிருந்தது என்பதற்கு அது சான்று.

ஒளவையாரையும் இங்கே நினைக்கலாம். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் தந்த சோழர் காலத்து ஒளவையார், திருமணத்தைத் தவிர்ப்பதற்காகப் பிள்ளையாரை வேண்டி இளமையிலேயே முதுமை பெற்றார் என்பது வழிவழியாக வரும் கதை. பேயுருவம் பெற்றவர் ஒருவர், மூதாட்டி உருவம் பெற்றவர் ஒருவர். இளமையும் அழகுமாக இருக்கும்வரை பெண்ணின் சொல்லை உலகம் காது கொடுத்துக் கேட்கவில்லை என்பதை இக்கதைகள் மறைமுகமாகச் சொல்கின்றன. அக்காலத்தின் குறை அது.

பாவைப் பாடல்களில் பெண்கள்

மார்கழித் திருவாதிரைக்கு முந்திய பத்து நாட்களிலும் ஈழத்துச் சிவாலயங்களில் திருவெம்பாவைப் பூசை நடைபெறும். மாணிக்கவாசக சுவாமிகள் அருளிய திருவெம்பாவையில் 20 பாடல்கள். ஆண்டாள் அருளிய திருப்பாவையில் 30 பாடல்கள். இரண்டிலும் பேசுபவர்கள் பெண்கள். விடியுமுன் எழுந்து தோழியரை எழுப்பி நீராடச் செல்பவர்கள். சயாம் எனப்பட்ட தாய்லாந்தின் அரச சடங்குகளிலும் இந்தப் பாவைப் பாடல்கள் இடம்பெற்றிருந்தன; அங்கே 1935ஆம் ஆண்டு வரை பெரும் ஊஞ்சல் விழா நடைபெற்றது.

திருவெம்பாவைப் பெண்கள் கேட்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். சிவனடியார்களே தங்களுக்குக் கணவராக வேண்டும் என்கிறார்கள். அடியாரல்லாதவரை மணக்க மாட்டோம், எங்கள் கை வேறெவர்க்கும் தொண்டு செய்யாது, எங்கள் கண் வேறெதனையும் காணாது என்கிறார்கள். இந்த வரத்தைத் தந்தால் சூரியன் எந்தத் திசையில் உதித்தாலும் கவலையில்லை என்று துணிந்து கூறுகிறார்கள். அப்படி வரும் கணவர் சொன்னபடி பணி செய்வோம் என்றும் சொல்கிறார்கள்; அது அக்காலத்துக் குடும்ப முறை. ஆயினும் யாரை மணப்பது என்ற நிபந்தனையை வைப்பவர்கள் பெண்களே. சீதனம், சொத்து, உத்தியோகம் ஆகிய எதுவும் அந்த நிபந்தனையில் இல்லை. இன்றைய கலியாணப் பேச்சுகளை நடத்தும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

மாணிக்கவாசகர் பெண்கள் ஆடும் விளையாட்டுகளையும் செய்யும் வேலைகளையும் பாடல் வடிவங்களாகக் கொண்டார். அம்மானை, பொற்சுண்ணம் இடித்தல், தும்பியை அழைத்தல், பூக்கொய்தல், பொன்னூசல் என்று அவை பலவகை. உலக்கை பிடித்துச் சுண்ணம் இடிக்கும் பெண்ணின் பாட்டு திருவாசகமாயிற்று. வேலை செய்யும் பெண்ணின் வாய்ப்பாட்டு தாழ்ந்ததன்று என்பதற்கு இதைவிடப் பெரிய அங்கீகாரம் வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து பிள்ளைகளுக்குச் சமைத்துவைத்துவிட்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்து மலைக்கு ஏறும் மலையகத் தாய்மார்க்கு இது நெருங்கிய செய்தியாகும்.

அவற்றுள் திருச்சாழல் தனிச் சிறப்புடையது. 20 பாடல்கள். ஒரு பெண், சுடுகாட்டில் ஆடுபவன், சாம்பல் பூசுபவன், பாம்பணிபவன் ஒரு கடவுளா என்று ஏளனமாகக் கேட்கிறாள். மற்றப் பெண் ஒவ்வொன்றுக்கும் சித்தாந்தப் பொருள் தோன்ற விடை கூறுகிறாள். ஈழத்து அரசன் தன் ஊமை மகளோடு தில்லைக்கு வந்தான் என்றும், மாணிக்கவாசகர் அருளால் அப்பெண் வாய்திறந்து கேள்விகளுக்கு விடை சொன்னாள் என்றும், அவையே திருச்சாழல் ஆயின என்றும் திருவாதவூரடிகள் புராணம் கூறும். பௌத்தர்களும் சைவர்களும் அயலவராக வாழும் கண்டி மண்ணில் இதைச் சமயப் பூசலாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. சபையிலே சமய விளக்கம் சொல்லும் பொறுப்பை அக்கதை ஒரு பெண்பிள்ளையிடம் கொடுத்தது என்பதே கொள்ள வேண்டிய கருத்து.

ஆண்டாளோ பிறர் எழுதிய பெண் குரல் அல்லர், தாமே பாடியவர். திருப்பாவையோடு 143 பாசுரங்கள் கொண்ட நாச்சியார் திருமொழியும் அவருடையது. மனிதர் எவருக்கும் வாழ்க்கைப்படுவதில்லை என்று தம் விருப்பத்தை வெளிப்படையாகக் கூறினார். கன்னட நாட்டில் 12ஆம் நூற்றாண்டில் அக்கமகாதேவியும், காஷ்மீரத்தில் 14ஆம் நூற்றாண்டில் லல்லேஸ்வரியும் சிவபக்தியை இவ்வாறே தம் வாயால் பாடினர்.

ஆண் அடியார்களும் தம்மைப் பெண்ணாகப் பாவித்துப் பாடினர். அப்பர் சுவாமிகளின் திருத்தாண்டகம் ஒன்றில் ஒரு பெண் முதலில் இறைவன் பெயரைக் கேள்விப்படுகிறாள். பின்பு அவன் இயல்பையும் ஊரையும் கேட்டறிகிறாள். அன்றைக்கே பெற்றோரையும் உலக வழக்கையும் விட்டு, தன் பெயரையும் மறந்து அவன் திருவடி சேர்கிறாள். ஆன்மாக்கள் அனைத்தும் பெண், இறைவன் ஒருவனே தலைவன் என்னும் கருத்து இதனுள் உள்ளது. இறைவன் முன்னே ஆணும் பெண்ணாகத்தான் நிற்க வேண்டும் என்றால், பெண்ணாய்ப் பிறந்ததைக் குறையாகப் பேசுவதற்குச் சைவத்தில் இடமேது?

பெரியபுராணத்து மாதர்கள்

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பாடிய பெரியபுராணத்தை ஆறுமுக நாவலர் 1852இல் வசன நூலாகப் பதிப்பித்தார். அறுபத்து மூவருள் பெண்கள் மூவர்: காரைக்காலம்மையார், பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியார், சுந்தரரின் தாயார் இசைஞானியார். இந்த எண்ணிக்கை சுந்தரமூர்த்தி நாயனாரின் திருத்தொண்டத் தொகையிலிருந்து வருவது. மூவர்தானா என்று கேட்பவர்கள், பட்டியலை விட்டுப் புராணத்தைப் படிக்க வேண்டும். பட்டியலில் பெயரில்லாத பெண்கள் பலர் அங்கே கதையை நடத்திச் செல்வதைக் காணலாம்.

திலகவதியாருக்கு மணம் பேசிய கலிப்பகையார் போரில் மாண்டார். பெற்றோரும் இறந்தனர். உயிர் துறக்க எண்ணிய திலகவதியார், தம்பி மருள்நீக்கியாருக்காக உயிர் தாங்கினார். தம்பி சமண சமயம் சேர்ந்தபோது திருவதிகைக்குச் சென்று, கோயிலில் அலகிட்டு மெழுகி மாலை தொடுத்துத் தொண்டு செய்தார். சூலை நோயால் துடித்த தம்பி ஆளனுப்பியபோது, அந்த மடத்துக்கு வரமாட்டேன் என்று உறுதியாக மறுத்தார். இருளில் தேடிவந்த தம்பிக்குத் திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அந்தத் தம்பியே திருநாவுக்கரசர். அப்பருக்கு முதற்குரு ஓர் அக்கா. அறுபத்து மூவருள் திலகவதியார் எண்ணப்படவில்லை. ஆனால் அவரில்லாமல் அப்பர் தேவாரம் இல்லை.

இளையான்குடி மாறனார் வீட்டில் மழை இரவில் சிவனடியார் வந்தார். சோறாக்க நெல்லில்லை. காலையில் வயலில் விதைத்த முளைநெல்லை வாரிவந்தால் சமைத்துத் தருவேன் என்று வழி சொன்னவர் மனைவியாரே. கணவர் நெல்லும் கீரையும் கொண்டுவந்தார். வீட்டுக் கூரை வரிச்சுகளை விறகாக்கினார். திட்டம் மனைவியுடையது, உழைப்பு இருவருடையது. இல்லறம் என்பதற்குச் சேக்கிழார் தரும் இலக்கணம் இது.

திருநீலகண்டக் குயவனார் வரலாறு இன்னும் கூர்மையானது. கணவர் பரத்தையிடம் சென்று வந்ததை அறிந்த மனைவியார், திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டு, எம்மைத் தொடக்கூடாது என்று தடுத்தார். அவர் தம்மைப் பன்மையில் குறித்ததால், மற்றெந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டுவதில்லை என்று கணவர் விரதம் பூண்டார். இருவரும் அயலவர் அறியாமல் ஒரே வீட்டில் முதுமை வரை அவ்வாறே வாழ்ந்தனர். அடியார் வேடத்தில் வந்த இறைவன் ஓட்டை மறையச் செய்து, மனைவி கையைப் பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்று வற்புறுத்தியபோதும், மூங்கில் தண்டின் இரு முனைகளைப் பிடித்தே இறங்கினர். உண்மையை ஊரறியச் சொல்லவும் நேர்ந்தது. மூழ்கி எழுந்தபோது இருவரும் இளமை பெற்றனர். தவறு செய்த கணவனிடம் வேண்டாம் என்று சொல்லும் உரிமை மனைவிக்கு உண்டு. அந்தச் சொல்லை மதித்ததாலேயே அவர் நாயனார் ஆனார். குடும்பங்களில் கைநீட்டலும் வற்புறுத்தலும் நடக்கும்போது, அடங்கிப் போ என்று பெண்ணுக்கு மட்டும் புத்தி சொல்வோர் இந்தக் கதையை அறிந்திருக்க வேண்டும்.

திருமருகலிலே நடந்ததும் அத்தகையதே. வைப்பூர் வணிகன் தாமனுக்கு ஏழு பெண்கள். மூத்தவளை மருமகனுக்குத் தருவதாகச் சொல்லிவிட்டுப் பொருளுக்காக வேறொருவனுக்குக் கொடுத்தான்; இவ்வாறே ஆறு பெண்களையும் கொடுத்தான். இதைக் கண்டு மனம் பொறாத ஏழாவது பெண், தந்தையை அறியாமல் அவனோடு புறப்பட்டாள். திருமருகல் மடத்தில் தங்கிய இரவில் அவனைப் பாம்பு தீண்டியது. வீட்டை விட்டு வந்தவள், மணம் முடியாதவள், துணையற்றவள். அவள் அழுகுரல் கேட்டு வந்த திருஞானசம்பந்தர் அவள் நடத்தையை ஆராயவில்லை. அவளுடைய துன்பத்தையே பதிகமாகப் பாடி, இவளை இப்படி வருந்த வைப்பது உமக்குத் தகுமா என்று இறைவனைக் கேட்டார். இளைஞன் எழுந்தான். இருவருக்கும் மணமும் செய்துவைத்தார். ஊர்வாய்க்கு அஞ்சிப் பிள்ளைகளைத் தள்ளிவைக்கும் பெற்றோருக்கு இதில் பாடமுண்டு.

இடறும் இடங்கள்

இவ்வளவும் கூறிய பின்பு, படிப்பவர் மனம் இடறும் இடங்களை மறைப்பது முறையன்று. இயற்பகை நாயனார், அடியார் வேடத்தில் வந்த இறைவன் கேட்டதற்கிணங்கத் தம் மனைவியையே கொடுத்தார். அந்த அம்மையார் முதலில் கலங்கினார், பின்பு மனந்தெளிந்து கணவர் சொல்லை ஏற்றார் என்று சேக்கிழார் பாடுகிறார். அந்தக் கலக்கத்தைச் சேக்கிழார் விட்டுவிடாமல் பதிவு செய்திருப்பதைக் கவனிக்க வேண்டும். எதையும் தனதென்று எண்ணாத தொண்டின் எல்லையைக் காட்டுவது அப்புராணத்தின் நோக்கம். மனைவி கணவனுடைய உடைமை என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்டுவது பெரும் பிழை. மனைவி பொருளாக எண்ணப்பட்ட காலத்தில் எழுந்த கதை அது என்று பிள்ளைகளுக்கு வெளிப்படையாகச் சொல்லிக் கொடுத்தால் சைவத்துக்கு எவ்வித இழுக்கும் வராது.

அடுத்தது பெண்களைப் பழிக்கும் பாடல்கள். பட்டினத்தார் பாடல்கள் என வழங்குவனவற்றில் பெண்ணுடல் மீது வெறுப்பு மிகுதி. 15ஆம் நூற்றாண்டினரான அருணகிரிநாதரின் திருப்புகழிலும் விலைமாதர் மயக்கம் பற்றிய அடிகள் பல. கதிர்காமத்தையும் திருக்கோணமலையையும் பாடிய அப்பெருமானின் திருப்புகழைப் பெண்களும் ஆலயங்களில் பாடுகிறார்கள். பொருள் தெரிந்த இளம்பெண் ஒருத்தி, இதை நான் ஏன் பாட வேண்டும் என்று கேட்டால் என்ன விடை கூறுவது?

முதலாவது, அருணகிரிநாதர் தம்மையே குற்றவாளியாக நிறுத்திப் பாடுகிறார். நான் மயங்கினேன், நான் கெட்டேன், என்னை ஆட்கொள் என்பதே அப்பாடல்களின் போக்கு. நோய் பாடுபவனின் ஆசையில் உள்ளது. அதைப் பெண்குலத்தின் மீதான தீர்ப்பாகக் கொள்வது பாடலைத் தவறாகப் படிப்பதாகும். இரண்டாவது, அதே திருப்புகழில் முருகப்பெருமான் தினைப்புனம் காத்த வேடர் மகள் வள்ளியின் முன்னே பணிந்து நிற்பவனாகப் பலமுறை பாடப்படுகிறான். கதிர்காமத்து ஆடி விழாவில் சுவாமி ஊர்வலம் வள்ளியம்மை கோயிலை நோக்கிச் செல்வதை அடியார்கள் கண்டிருப்பர். தேடிச் செல்பவன் தெய்வம்; இருந்த இடத்தில் இருப்பவள் குறமகள். மூன்றாவது, பெண்ணை வெறுத்ததாகச் சொல்லப்படும் பட்டினத்தார், தாய் இறந்தபோது பாடிய பாடல்களைக் கல்நெஞ்சக்காரனும் கண்ணீரின்றிக் கேட்க முடியாது. பத்து மாதம் சுமந்ததையும் பாலூட்டியதையும் எண்ணி அழுதார். பெண்ணுடலை இகழ்ந்த அவர், தம்மைப் பெற்ற உடலுக்குத் தீ மூட்ட மனமின்றித் தவித்தார்.

இந்த மூன்று விளக்கங்களும் சொன்ன பின்பும், ஒரு பெண்ணுக்குச் சில அடிகள் மனத்தை உறுத்துமானால், திருப்புகழில் அவளுக்குப் பாட வேறு நூற்றுக்கணக்கான பாடல்கள் உண்டு. வற்புறுத்த வேண்டியதில்லை.

கல்வெட்டில் எழுதப்பட்டவர்கள்

கவிதை ஒருபுறமிருக்க, அதே காலத்தில் வாழ்ந்த பெண்கள் கோயில்களுக்குச் செய்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. 10ஆம் நூற்றாண்டில் கண்டராதித்த சோழரின் தேவி செம்பியன் மாதேவியார், கணவர் மறைந்த பின்பு பல்லாண்டுகள் வாழ்ந்து செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றினார். கண்டராதித்தர் பாடிய பதிகம் 9ஆம் திருமுறையில் உள்ளது; தேவியார் செய்த பணி கல்லில் நிற்கின்றது. கைம்பெண்ணை மங்கல காரியத்தில் ஒதுக்கி வைக்கும் வழக்கம் உள்ளவர்கள், சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றைக் கட்டியவர் ஒரு கைம்பெண் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பொலன்னறுவையில் இன்றும் சிதையாமல் நிற்கும் சோழர் காலச் சிவாலயமும் வானவன்மாதேவி ஈஸ்வரம் என்று ஒரு சோழமாதேவியின் பெயரையே தாங்கியுள்ளது.

ஆலயங்கள் செய்யக்கூடியவை

இன்று ஆலயங்களில் கோலமிடுபவர், பூத்தொடுப்பவர், மடைப்பள்ளியில் காய்கறி நறுக்குபவர், பாத்திரம் துலக்குபவர் பெரும்பாலும் பெண்களே. அவை உயர்ந்த தொண்டுகள். திலகவதியார் செய்த தொண்டுகள். ஆனால் திலகவதியார் அவற்றோடு நின்றுவிடவில்லை, தம்பிக்கு வழியும் காட்டினார். திருச்சாழலின் பெண் வாதாடினாள். இளையான்குடியார் மனைவி திட்டம் சொன்னார். பாடலிலே பெண்களுக்குக் கொடுத்த பேச்சை, ஆலயக் கூட்டத்திலே கொடுக்காமலிருப்பது பொருந்தாது.

செலவு அதிகமின்றி உடனே செய்யக்கூடியவை சில உள. முதலாவது, மூன்று பெண் நாயன்மாரின் குருபூசைகளையும் தவறாமல் கொண்டாடுவது. காரைக்காலம்மையார் குருபூசை பங்குனிச் சுவாதியிலும், மங்கையர்க்கரசியார் குருபூசை சித்திரை உரோகிணியிலும், இசைஞானியார் குருபூசை சித்திரை மாதச் சித்திரை நட்சத்திரத்திலும் வரும். இரண்டாவது, யாழ்ப்பாணத்து ஆலயங்களில் வழிவழியாக நிலவும் புராண படனத்தை அந்நாட்களிலேனும் இங்கும் நடத்துவது. அங்கே பாட்டைப் படிப்பவர் ஒருவர், பயன் சொல்பவர் ஒருவர். பெரும்பாலும் ஆண்களே செய்துவந்த இவ்விரு பணிகளையும் அறநெறிப் பாடசாலையில் பயிலும் பெண்பிள்ளைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம். மூன்றாவது, திருவெம்பாவை நாட்களில் பாடலை ஓதுவதோடு நில்லாமல், நாளொன்றுக்கு இரண்டு பாடல்களுக்குப் பொருள் சொல்வது. பத்து நாட்களில் 20 பாடல்களும் நிறைவுறும்.

பயன் சொல்லும் பிள்ளை தடுமாறலாம், தவறாகவும் சொல்லலாம். கேட்டிருக்கும் பெரியோர் அன்போடு திருத்திக் கொடுத்தால் அடுத்த ஆண்டு அவளே இன்னொரு பிள்ளைக்குக் கற்றுக் கொடுப்பாள். அம்மையே என்று இறைவன் அழைத்த குலம் பெண் குலம். அக்குலத்துப் பிள்ளைகளின் குரல் ஆலய மண்டபத்தில் தெளிவாக ஒலிக்க எல்லாம்வல்ல பரம்பொருள் திருவருள் புரிவாராக.